தமிழில் மருத்துவம் எழுதிய அமெரிக்கர்

அறிவியல் துறையில் முதலாமாண்டைக் கடந்து வந்த தமிழ் மாணவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பரிசோதனை செய்வது கடினமாக இருந்தது என்று சொல்பவர்கள் குறைவு. செய்ததை எழுதுவதுதான் கடினம் என்பார்கள். சோதனைக்குழாயில் என்ன நடந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் நண்பனிடம் தமிழிலும் மலாயிலும் கலந்து சொல்லிவிடவும் முடிகிறது. அதையே ஆய்வறிக்கையில் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுத உட்கார்ந்தால் பேனா நகர மறுக்கிறது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் அறிவியலைத் தமிழில் படித்தவன். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே அறிவியல் மலாயில் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறியது. விசை என்று கற்றது டாயா ஆகி, பிறகு ஃபோர்ஸ் ஆனது. பொருண்மை ஜிசிம் ஆகி, பிறகு மாஸ் ஆனது. (2003இல் தொடங்கி 2012 முதல் படிப்படியாக விலக்கப்பட்ட ஆங்கிலவழித் திட்டத்தின்போது படித்தவர்களுக்கு இந்த வரிசை மாறியிருக்கும், அவர்கள் தடுமாறியது வேறோர் இடத்தில்.) சொற்களை எப்படியோ மனப்பாடம் செய்துவிடலாம். ஒன்றன் காரணமாக மற்றொன்று நடந்தது, ஆனால் இந்த நிபந்தனை இருந்தால் மட்டும் என்று மூன்று செய்திகளை ஒரே வாக்கியத்தில் கோக்க வேண்டி வரும்போதுதான் இரண்டாம் மொழி காலை வாரிவிடுகிறது.

இந்தச் சிக்கலை எதிர்த்திசையிலிருந்து சந்தித்த ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு நம் இதழில் எழுத விரும்பினேன். அவருடைய தாய்மொழி ஆங்கிலம். அறிவியலைத் தாய்மொழியிலேயே கற்று, அதிலேயே தேர்வெழுதிப் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதே அறிவியலைத் தமிழில் எழுதுவதில் கழித்தார். அவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. அவர்தாம் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நம் ஊர் வழக்கப்படி கிரீன் என்று எழுதியிருக்கலாம். அவர் வாழ்ந்த யாழ்ப்பாணத்தில் எழுதுவதைப் போலவே நானும் எழுதுகிறேன்.

வூஸ்டரிலிருந்து மானிப்பாய்க்கு

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். கிறீன் ஹில் என்ற பண்ணை அக்குடும்பத்துக்குச் சொந்தம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாகவும், பின்னர் 1898இல் அந்நகரின் பகுதிகள் ஒன்றிணைந்து இன்றைய பெருநகராகவும் உழைத்தவர்களில் முதன்மையானவர். தம்பியும் அதே நகரில் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அமெரிக்க மிஷன் சங்கத்தின் மருத்துவராக இலங்கைக்குப் போக முன்வந்தார். 1847 அக்டோபரில் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

அமெரிக்க மிஷனரிகள் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1823இல் அவர்கள் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலத்தோடு தமிழும் கணிதமும் அறிவியலும் கற்பித்த உயர்கல்விக்கூடம். நம்மிடையே சிலருடைய பூட்டன்மார் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று, பின்னாளில் மலாயாவின் இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்தவர்கள். அந்தப் பள்ளிகளின் கதையும் இதுவும் ஒரே கதையின் இரு கிளைகள்.

1848இல் கிறீன் மானிப்பாய்க்கு இடம் மாறி, அங்கே மருத்துவமனையோடு ஒரு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மாணவர்கள் ஒரு சிலர்தாம். ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள். பாடநூல்கள் ஆங்கிலம், பாடம் ஆங்கிலம், குறிப்பெடுப்பது ஆங்கிலம். நமக்கு நன்கு பழக்கமான காட்சிதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாம் எழுதும் அறிக்கையைப் படிப்பவர் விரிவுரையாளர். அவருக்கு ஆங்கிலம் தெரியும். மானிப்பாய் மாணவன் கற்றதைக் கடைசியில் யாரிடம் சொல்ல வேண்டும்? வயிற்றுவலியோடு வண்டியில் கொண்டுவரப்பட்ட விவசாயியிடம், பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்ணின் தாயாரிடம், வாந்திபேதி பரவிய ஊரில் கிணற்றடியில் நிற்பவர்களிடம். ஆங்கிலத்தில் கற்ற ஈரலையும் மண்ணீரலையும் அவர்களிடம் எப்படி விளக்குவது? பாடத்தில் தேறிவிட்டவனும் அங்கே திணறத்தான் செய்வான். நோயாளியிடம் பேசும் மொழியில் பாடநூல் ஒன்றுகூட இல்லை என்றால் அந்தத் திணறலுக்கு மாணவனைக் குறைகூற முடியாது.

கிறீனும் அதே நிலையில்தான் இருந்தார். தாம் பேசிய தமிழ் அவருக்குப் போதவில்லை. எழுதும் தமிழ் வேண்டியிருந்தது. வந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1852இல், கால்வின் கட்டர் என்ற அமெரிக்கர் எழுதிய உடலியல் பாடநூலின் தமிழாக்கத்தை வெளியிட்டார். அதன் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். 1857இல் மோன்சலின் பிரசவ வைத்தியம் வந்தது. அதன் பிறகு விடுப்பில் அமெரிக்கா சென்றார். அங்கேயே தங்கிவிடவில்லை. 1862இல் மணம் முடித்து, மனைவி மார்கரெட்டுடன் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார்.

1864ஆம் ஆண்டின் முடிவு

திரும்பி வந்தவர் செய்த காரியம்தான் அவரை இன்றுவரை நினைக்க வைக்கிறது. 1864ஆம் ஆண்டளவில் மருத்துவ வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

இதைத் தமிழ்ப்பற்று என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் பேரவை மேடையில் கைத்தட்டல் கிடைக்கும். உண்மை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. முதலாவது, மிஷன் சங்கத்தின் கொள்கையே மாறியிருந்தது. அதன் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் 1854-55இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பார்த்தார். மிஷன் பணம் ஆங்கிலக் கல்விக்குச் செலவாவதை விட மக்கள் மொழியில் நடக்கும் கல்விக்குச் செலவாக வேண்டும் என்பது அவர் நிலை. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியே மூடப்பட்டது. இரண்டாவது, ஆங்கிலத்தில் படித்துத் தேறிய மருத்துவர்கள் கிராமத்தில் தங்குவதில்லை என்பதைக் கிறீன் கண்டிருந்தார். அரசாங்க வேலையும் நல்ல சம்பளமும் நகரங்களில் இருந்தன. ஆங்கிலம் அங்கே போவதற்கான நுழைவுச்சீட்டு. அவர்களை எப்படிக் குறை சொல்வது? நாமும் அதே சீட்டுக்காகத்தான் வரிசையில் நிற்கிறோம். மூன்றாவது, கிறீன் சமயம் பரப்ப வந்தவர். அதை அவர் மறைக்கவும் இல்லை. நாம் மறைக்க வேண்டியதும் இல்லை.

இவையெல்லாம் சேர்ந்து வந்தாலும், முடிவை நிறைவேற்றும் சுமை அவர் தோளில்தான் விழுந்தது. மொழியை மாற்றுவதாக ஒரு நாளில் அறிவித்துவிடலாம். அடுத்த நாள் வகுப்பில் மாணவன் கையில் கொடுக்க நூல் வேண்டுமே! அதைக் கிறீன் செய்தார். டுரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் இரண வைத்தியம் என்ற பெயரில் 1867இல் வெளியானது. 1872இல் ஹூப்பரின் நூல் வைத்தியாகரம் ஆகியது. அதே ஆண்டில் மனுஷ அங்காதிபாதம் வந்தது. இது மருத்துவ மாணவர்கள் இன்றும் பெயர் சொன்னாலே பெருமூச்சு விடும் கிரேயின் உடற்கூற்று நூல்தான்! லண்டனில் அந்நூலின் முதற்பதிப்பு 1858இல் வெளிவந்தது. பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது என்பதை முதன்முதலில் அறிந்தபோது நான் ஆண்டுகளை மறுபடியும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

இந்த வேலையில் அவர் தனியாள் அல்லர். தம்மிடம் படித்த தமிழ் மருத்துவர்களையும் மொழிபெயர்ப்பில் ஈடுபடுத்தினார். ஆங்கிலத்தில் கற்ற முதல் தலைமுறை மாணவர்கள் தமிழில் கற்கப்போகும் அடுத்த தலைமுறைக்கு நூல் எழுதினார்கள். நாம் மூத்த மாணவரின் பாடக்குறிப்பை வாங்கி நகலெடுப்பது நினைவுக்கு வரலாம். அங்கே நடந்தது அதைவிடப் பல மடங்கு பெரிது. கிறீன் எழுதியும் திருத்தியும் வெளிவரச் செய்த நூல்களை அடுக்கினால் 4,000 பக்கங்களைத் தாண்டும்.

சொல்லும் வாக்கியமும்

கலைச்சொல்லுக்குக் கிறீன் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் உண்டா என்று பார்ப்பது. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் ஏற்பது. திரட்டிய சொற்களைத் தனிப் பட்டியல்களாகவும் வெளியிட்டார்.

மொழியியல் மாணவர்கள் இதைக் கடுமையாக விமர்சிப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் நம் தேசிய மொழியைப் பாருங்கள். ஜிசிம் அரபு வழி வந்தது. ஒளிச்சேர்க்கைக்கு மலாயில் ஃபோட்டோசிந்தெசிஸ். டாயா உள்ளூரில் நெடுங்காலம் வழங்கிய சொல். 1956இல் அமைந்த டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா மலாயில் அறிவியல் எழுத முனைந்தபோது, மானிப்பாயில் ஒரு நூற்றாண்டுக்கு முன் நின்ற அதே மூன்று வாசல்கள்தாம் அங்கும் நின்றன. ஒரு மொழியில் அறிவியலைப் புதிதாக எழுதத் தொடங்கும் எவருக்கும் வேறு வாசல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவருடைய சொற்களில் எவை பிழைத்தன? நூற்பெயர்களை மட்டும் வைத்துப் பார்த்தாலே ஒன்று புலப்படுகிறது. அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் ஆகிய மூன்றும் இன்று வழக்கில் இல்லை. உடற்கூற்றியல், உடலியங்கியல், சுகாதாரம் என்று சொன்னால்தான் நமக்குப் புரிகிறது. 1875இல் வெளியான வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டிய அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. ஆனால் பிரசவ வைத்தியமும் இரண வைத்தியமும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் விளக்கமில்லாமல் விளங்குகின்றன. பிரசவம் என்பது வீட்டுப் பெண்கள் பேசிய சொல். இரணம் என்பது புண்பட்டவன் வாயிலிருந்து வந்த சொல். நோயாளி சொன்ன சொல்லை மருத்துவர் வாங்கி எழுதிய இடத்தில் சொல் வாழ்ந்திருக்கிறது. அகராதியில் இருந்து இறக்கிய இடத்தில் மறைந்திருக்கிறது. இது என் கணிப்பு மட்டுமே. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் தமிழ்த்துறை நண்பர்கள் யாராவது இந்நூல்களின் கலைச்சொற்களை முழுமையாக எடுத்துப் பார்த்தால் நான் சொல்வது சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

சொல்லைவிடக் கடினமானது வாக்கியம் என்று தொடக்கத்தில் சொன்னேன். உடற்கூற்று நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தசை எந்த எலும்பில் தொடங்குகிறது, எதன் மேலே செல்கிறது, எதன் அடியில் புகுகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, அதனால் எந்த மூட்டு மடங்குகிறது என்பதை ஆங்கிலம் ஒரே மூச்சில் சொல்லிவிடும். வினையை முன்னே வைத்துவிட்டு மற்றவற்றைப் பின்னால் தொங்கவிடுவது அதன் இயல்பு. தமிழில் முற்றுவினை கடைசியில் வந்து நிற்கிறது. ஆங்கில வரிசையை அப்படியே கொண்டுவந்தால் படிப்பவன் மூச்சு முட்டிப்போவான். வாக்கியத்தை உடைத்து, எலும்பை முதலில் நிறுத்தி, தசையை அதிலிருந்து நடத்திக்கொண்டு போக வேண்டும். அப்படி உடைப்பதற்கு அந்தத் தசை உள்ளபடி எங்கே ஓடுகிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது மறுதிசையிலும் உண்மைதான் என்பதை நாங்கள் நடத்திய இலவச வகுப்பில் கண்டேன். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி, நீர் ஏன் ஆவியாகிறது என்பதற்குப் பாடநூலில் உள்ள ஆங்கில வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டினாள். ஈரத்துணி காற்றடிக்கும் நாளில் ஏன் விரைவில் காய்கிறது என்று கேட்டேன். அதே வாக்கியத்தையே மீண்டும் எழுதினாள். தமிழில் சொல்லும்மா என்றதும் ஒரு நிமிடம் யோசித்து, துணிக்கு மேலே நிற்கும் ஈரக்காற்றைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடுகிறது அண்ணா, அதனால் இடம் கிடைக்கிறது என்றாள். பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். இலக்கணப் பிழை நான்கு இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையது.

அதே மண்ணில் இன்னொருவர்

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டு டிசம்பரில் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். இருவருக்கும் வயது வேறுபாடு இரண்டு மாதத்துக்குச் சற்றே அதிகம். கிறீன் மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்திய காலத்தில் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியும் அச்சுக்கூடமும் நடத்தினார். சமயத்தில் இருவரும் எதிரெதிர் அணி. நாவலர் மிஷனரிகளைக் கண்டித்து எழுதியவர். எனினும் பள்ளி மாணவனுக்கு விளங்கும் உரைநடையில் நூல் வேண்டும் என்ற ஒரே தேவை இருவரையும் மேசைமுன் உட்கார வைத்தது. நாவலரின் பாலபாடங்களைப் பற்றி நம் பாடத்திட்டத்தில் படிக்கிறோம். கிறீனின் நூல்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இலங்கைக் கவிஞர் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' போன்ற நூல்களை எழுதியிராவிட்டால் நம்மில் பலருக்கு இந்தப் பெயரே எட்டியிருக்காது.

தமிழில் படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதினால் அது வாழ்த்துரை ஆகிவிடும். கிறீன் பயிற்றுவித்த மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் 33 பேர் தமிழில் கற்றவர்கள். தமிழில் கற்றவர்களுக்குக் கிராமம் காத்திருந்தது. ஆனால் அரசாங்கத்தின் மொழி ஆங்கிலம். 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தொடங்கப்பட்டது. மருத்துவத்துக்கான உத்தியோகமும் மதிப்பும் அந்தப் பக்கம் போயின. நூல் இருந்தது, ஆசிரியர் இருந்தார், கற்றவர்களும் இருந்தார்கள். கற்ற மொழிக்கு அலுவலகத்தில் இடமில்லை. கிறீன் சென்ற பிறகு தமிழ்வழி வகுப்பு நிலைக்கவில்லை.

வீட்டில் தமிழ்ப்பள்ளியா தேசியப் பள்ளியா என்று பெற்றோர் பேசிக்கொள்ளும்போது எழும் அச்சமும் இதுதான். அது நியாயமற்ற அச்சம் என்று என்னால் சொல்ல முடியாது. மானிப்பாய் மாணவனுக்கு மொழி கைவந்தது, சந்தை கைவிட்டது. நமக்குச் சந்தையின் மொழி தரப்பட்டிருக்கிறது. அதில் நம் வாக்கியத்தை எழுதும் வேலை பாக்கியிருக்கிறது. அதற்குத் தமிழில் சிந்தித்துப் பார்ப்பது தடையாக இருக்கும் என்று விரிவுரைக்கூடங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிறீனின் மாணவர்கள் கிரேயைத் தமிழாக்கிய செய்தியை அறிந்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. இரண்டு மொழிகளிலும் ஒரு தசையை நடத்திக் காட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்.

1873இல் உடல்நலம் குன்றி, கிறீன் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். யாழ்ப்பாணத்தில் அவர் வாழ்ந்தது இரண்டு தவணைகளாக ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள். வேலை அதோடு முடியவில்லை. தமிழ்ப் பிரதிகளைத் திருத்தும் பணியை வூஸ்டரிலும் தொடர்ந்தார். அவ்வூரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! மேசையில் கெமிஸ்தமும் சுகரணமும். ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. கடிதம் கடல் கடந்து போய் விடை வர மாதக்கணக்காகும். கெமிஸ்தம் 1875இலும், டால்டனின் நூலான மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. மறு ஆண்டு, 1884 மே 28ஆம் நாள், கிறீன் ஹில் வீட்டில் அறுபத்தொன்றாம் வயதில் காலமானார்.

வூஸ்டரின் ரூரல் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருளில் ஒரு வரி கல்லில் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம், அப்படியே பொறித்திருக்கிறார்கள். மானிப்பாயில் அவர் தொடங்கிய மருத்துவமனைக்குக் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று பெயர்.